ஒல்லாந்துப் பேராசிரியர் பெயரிங்க்

பொன்னேரிப் பக்கத்தாருக்கு ஒல்லாந்தர் புதியவர் அல்லர். பழவேற்காட்டு ஏரியின் கரையில் 1613-ஆம் ஆண்டில் அவர்கள் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை இன்று மண்மேடாகக் கிடப்பினும், அதனருகே உள்ள அவர்தம் கல்லறைத் தோட்டமும், அத்தோட்டத்து வாயிலில் நிற்கும் எலும்புருவச் சிற்பங்களும் அவர்கள் வந்து வாழ்ந்து மறைந்த செய்தியை இன்னும் அறிவித்த வண்ணம் இருக்கின்றன. அவர்கள் துணி வாணிகத்தின் பொருட்டு வந்தவர்கள். தம் கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் தம் தாய்நாட்டுக் கெல்தர்லாந்து மாகாணத்தின் பெயரேயாம். அம்மாகாணத்தில் இளமையிற் சில ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து, முதுமையில் மீண்டும் அங்கேயே ஒதுங்கி உயிர்நீத்த ஒருவருடைய வரலாற்றை யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் கப்பலேறி இப்பக்கம் வந்தவர் அல்லர். ஆயினும், கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஓர் ஏரியின் அடிச்சேற்றை யாரேனும் அள்ளி, அதனுள் மாசினைத் தின்று அழிக்கும் நுண்ணுயிர் உளதோ என்று ஆராயப் புகுவாராயின், அவர் நடக்கும் வழி பெரும்பாலும் இவ்வொல்லாந்தர் வகுத்த வழியாகவே இருக்கும். அவர் பெயர் மார்ட்டினுஸ் வில்லெம் பெயரிங்க் என்பது.

பெயரிங்க் 1851-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்தார். மக்கள் நால்வருள் இளையவர். தந்தையார் புகையிலை வாணிகம் செய்தவர். அவ்வாணிகம் நொடித்துப்போகவே, இருப்புப்பாதைக் கம்பெனி ஒன்றிற் சிறு சம்பளத்திற்கு எழுத்தர் வேலை ஏற்றுக்கொண்டார். புகையிலை தந்தையைக் கெடுத்தது. பின்னாளில் அப்புகையிலைச் செடியின் நோய் ஒன்றே மகனுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஊழின் விளையாட்டு இவ்வாறும் உண்டு போலும்.

பள்ளிச் சம்பளம் கட்டும் வசதி இன்மையால் தந்தையாரே பல ஆண்டுகள் மகனுக்கு வீட்டிலிருந்து கற்பித்தார். பின்னர் ஹார்லெம் நகரத்துப் பள்ளியிற் சேர்ந்தபோது, செடிகொடிகளை நேசிக்கும் ஓர் ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். அவர் தூண்டுதலால் மாணவப் பருவத்திலேயே 150 செடிகளைத் திரட்டி உலர்த்தி வகைப்படுத்தி, வேளாண் சங்கம் ஒன்று நடத்திய போட்டியிற் பரிசு பெற்றார். மேற்படிப்பிற்கு அவருடைய மாமன் ஒருவர் பொருளுதவி செய்ய, டெல்ப்ட் நகரத்துத் தொழிற் கலாசாலையில் இரசாயனம் பயிலச் சென்றார். அங்கு அவரோடு ஒரே அறையில் உடனுறைந்த மாணவர், பின்னர் 1901-இல் இரசாயனத்திற்கான முதல் நோபல் பரிசினைப் பெற்ற வான்ட் ஹாஃப் என்பார். இருவரும் தங்கள் விடுதி அறையையே ஆய்வுக்கூடமாக்கி இரசாயனச் சோதனைகள் செய்வாராம். வீட்டுக்காரர் அதனை எங்ஙனம் பொறுத்தாரோ, யாம் அறியோம்.

1872-இல் டெல்ப்டிற் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற பின் லெய்டன் சர்வகலாசாலையிற் தாவர நூல் பயின்றார். கையிற் பொருள் இல்லாமையால் இடையிடையே வேளாண் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து கொண்டே படிக்க நேர்ந்தது. செடிகளின் இலைகளில் பூச்சிகளால் உண்டாகும் முடிச்சுகளைப் பற்றி ஆராய்ந்து 1877-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கெல்தர்லாந்து மாகாணத்து வாகனிங்கன் நகர வேளாண் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. நல்ல ஆராய்ச்சியாளராக விளங்கினாரேயன்றி, மாணவர் மனங்கவர் ஆசிரியர் என்ற பெயர் அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. கடுஞ்சொல் உடையவர், மந்தமான மாணவனைக் கண்டாற் பொறுக்கமாட்டார்.

1885-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கை எதிர்பாராத ஒரு திருப்பம் எய்தியது. டெல்ப்ட் நகரத்தில் ஈஸ்ட்டும் சாராயமும் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் தலைவர் வான் மார்க்கன் என்பார், புளித்தற் காரியத்தில் நுண்ணுயிர்களின் பங்கை ஆராயத் தக்க ஒருவரைத் தேடிப் பெயரிங்கை அழைத்தார். அந்நாளில் அதுவரை செடிகளையே ஆராய்ந்து வந்த பெயரிங்க், நுண்ணுயிர் நூலை முப்பத்துநான்காம் வயதிற் புதிதாகக் கற்கவேண்டியவர் ஆனார். தொழிற்சாலைக்குத் தம்மாற் பெரும்பயன் விளையவில்லை என்று அவர் மனம் நொந்து வேலையினின்று விலக விரும்பிய காலமும் உண்டு. தலைவரோ அவரைப் போகவிடவில்லை. இலாபக் கணக்கை மட்டும் நோக்கும் முதலாளியாக அவர் இருந்திருப்பாராயின், யாம் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது.

அத்தொழிற்சாலையில் இருந்தபோதுதான், 1888-ஆம் ஆண்டில், அவரை அறிவுடையோர் அனைவரும் திரும்பிப் பார்க்கச் செய்த முதற் காரியம் நிகழ்ந்தது. அவரைக் கொடி, பட்டாணி முதலிய செடிகளின் வேர்களிற் சிறு முண்டுகள் காணப்படும். அவற்றுள் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும் நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் பெயரிங்கே. நம் உழவர் நெல் நடுவதற்கு முன் சணப்பும் கொழுஞ்சியும் விதைத்து மடக்கி உழுவது எதனால் என்பது அதனால் விளங்கிற்று. உழவர் பயனை அறிந்திருந்தனர். அப்பயனைத் தருபவர் இன்னார் என்பதைப் பெயரிங்க் காட்டினார். நம் நாட்டு அவுரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவுரி முதலிய செடிகளின் இலையினின்று நீலச்சாயம் எங்ஙனம் பிறக்கிறது என்பது பற்றிப் பின்னாளில் ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்.

1895-இல் டெல்ப்ட் தொழிற் கலாசாலை அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. ஈராண்டிற்குப் பின் அவருக்கெனத் தனி ஆய்வுக்கூடமும் கட்டித் தந்தனர். அவ்வாண்டுகளில் அவர் நிலைநாட்டிய முறைதான் அவருடைய பேருழைப்பின் சாரம். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

ஒரு சிட்டிகைச் சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. வகைகளோ ஆயிரக்கணக்கில். அவற்றுள் நமக்கு வேண்டிய ஒன்றை எவ்வாறு எடுப்பது? அந்நாளில் மருத்துவத் துறையினர் கையாண்ட முறை வேறு. நோயுற்ற உடம்பில் நோய்க்கிருமியே மிகுந்திருக்கும். ஆதலால் அதனை நேரே எடுத்துக் குழம்புத் தட்டில் வளர்த்துப் பிரிக்கலாம். சேறு அத்தகையது அன்று. அங்கு எவ்வுயிரும் கூட்டத்தில் ஒளிந்து நிற்கின்றது. பெயரிங்க் என் செய்தார்? தேடுவதை விட்டு, விருந்து வைத்தார். எந்த உயிர் வேண்டுமோ அதற்கு மட்டுமே ஏற்ற உணவும், அது மட்டுமே வாழத்தக்க சூழலும் ஒரு புட்டியில் அமைத்து, அதனுள் சிறிது சேற்றையிட்டு வைத்துவிடுவார். மற்றவை பட்டினியால் மெலிய, அவ்வுணவை உண்ண வல்லது பெருகும். பெருகியதிற் சிறிதெடுத்து அதே உணவுள்ள புதுப் புட்டியில் இடுவார். மீண்டும் அவ்வாறே செய்வார். மூன்று நான்கு முறைக்குள், ஆயிரத்தில் ஒன்றாய் இருந்தது பெருங்கூட்டமாகிவிடும். பின்னர்த் தட்டில் வளர்த்துத் தனியே பிரித்தல் எளிது. இதனைச் செறிவூட்டு வளர்ப்பு என்பர். ருசிய நாட்டு வினோகிராட்ஸ்கி என்னும் மற்றொரு பேரறிஞரும் ஏறத்தாழ அதே காலத்தில் இம்முறையைக் கையாண்டார். நியாயம் நோக்கின் இருவருக்கும் இதன் பெருமை உரியது. ஆயினும், எவ்வுயிரையும் அதன் உணவால் அழைக்கலாம் என்பதனைப் பொது விதியாகக் கண்டு, பல்வேறு உயிர்கள்மேற் செலுத்திக் காட்டியவர் பெயரிங்கே எனலாம்.

முதற் சான்று கால்வாய்ச் சேறு. டெல்ப்ட் கால்வாய்கள் சூழ்ந்த நகரம். தேங்கிய நீரின் அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். நீரிலுள்ள சல்பேட்டு உப்பினின்று ஹைடிரஜன் சல்பைடு என்னும் அவ்வாயு பிறக்கிறது என்பதை முன்னரே சிலர் அறிந்திருந்தனர். அதைப் பிறப்பிக்கும் உயிர் இன்னது என்பது தெளியவில்லை. பெயரிங்க் சல்பேட்டும், சிறிது இரும்புப்பும், அங்கக அமில உப்பும் கலந்த நீரைப் புட்டியின் அடைப்பு வரை நிரப்பினார். காற்று ஒரு துளியும் நுழையாதவாறு மூடினார். உள்ளே சிறிது சேறு. சில நாட்களிற் புட்டி மை போற் கறுத்தது. வாயு இரும்போடு கூடி இரும்புச் சல்பைடு ஆனதன் நிறம் அது. காற்றை வெறுக்கும் அவ்வுயிரைப் பிரித்து 1895-இல் அதற்கு ஸ்பைரில்லம் டிசல்பூரிக்கன்ஸ் என்று பெயரிட்டார். நாம் பிராணவாயுவைக் கொண்டு செய்யும் மூச்சை, அது சல்பேட்டைக் கொண்டு செய்கின்றது.

அடுத்தது தோட்ட மண். நூற்றுக்கு 2 பங்கு மானிட்டால் என்னும் சர்க்கரைப் பொருளும் மிகச் சிறிது பாஸ்பேட்டும் மட்டும் கலந்த நீரில், நைட்ரஜன் உப்பு எதுவும் இல்லாமல், மண்ணை இட்டு, காற்றுப் படும்படி மெல்லிய படலமாகப் பரப்பி வைத்தார். நைட்ரஜனைக் காற்றினின்றே எடுக்க வல்ல உயிரன்றி வேறெதுவும் அங்குப் பிழைக்க இயலாது. சின்னாட்களில் நீரின் மேல் ஆடை படர்ந்தது. அசோட்டோபாக்டர் என்று அவர் 1901-இல் வெளிப்படுத்திய உயிர் அதுவே. இன்று வேளாண் துறையார் உழவர்க்கு விற்கும் உயிர் உரப் பொட்டலங்களில் அப்பெயரைப் பலரும் பார்த்திருப்பர். 1904-இல், கந்தகத்தையும் சல்பைடுகளையும் காற்றின் உதவியால் எரித்து உயிர்வாழும் வேறொரு வகையைத் தையோபாசில்லஸ் எனப் பெயரிட்டு விளக்கினார். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

புகையிலை நோயைப் பற்றிச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். இலையிற் புள்ளிபடும் அந்நோயுற்ற செடியின் சாற்றை, நுண்ணுயிர் எதுவும் புகாத பீங்கான் வடிகட்டியில் அவர் வடித்தார். வடிந்த தெளிநீரும் நோயைப் பரப்பிற்று. செடியிற் பெருகவும் செய்தது. உயிருள்ள திரவம் ஒன்று உண்டென 1898-இல் துணிந்து கூறினார். வைரசு என்னும் கருத்தின் தோற்றம் அதுவே. அது திரவம் அன்று, நுண்துகள் என்பது பின்னர் விளங்கிற்று. அவர் மறைந்து நான்காண்டின் பின், 1935-இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்லி அதனைப் படிகமாக எடுத்துக் காட்டினார். பலரும் பெயரிங்கை இவ்வொன்றிற்காகவே அறிவர். எமக்கோ அவருடைய சேற்றுப் புட்டியே பெரிதாகத் தோன்றுகின்றது.

அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. ஆராய்ச்சியும் இல்லறமும் ஒன்றோடொன்று ஒவ்வா என்பது அவர் கொள்கை. தம் உதவியாளர் மணம் செய்துகொள்வதையும் விரும்பாதவர் என்பர். தமக்கையர் இருவர் அவரோடு வாழ்ந்தனர். அவருள் ஹென்றியெட் அம்மையார் தம்பியின் வகுப்புகளுக்கு வேண்டிய சுவர்ப் படங்களை வண்ணத்தில் எழுதித் தந்தார். மாணவரிடத்து அவர் காட்டிய கடுமையைப் போற்ற எமக்கு மனம் வரவில்லை. வைதுகொண்டே கற்பித்தால்தான் கல்வி ஏறும் என்று கருதுவோர் எக்காலத்தும் உளர். ஆயின் அவருடைய ஆய்வுக்கூடத்தைத் தாங்கி நின்று மேலும் வளர்த்தவர்கள் அவ்வசையைப் பொறுத்துக்கொண்ட மாணவர்களே என்பதையும் சொல்லாமல் விடுதல் ஆகாது.

அவருள் ஒருவர் சோன்கன். சதுப்பு நிலத்தினின்று எழும் மீதேன் வாயுவையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிரை 1906-இல் அவர் காட்டினார். 1913-இல், பெட்ரோலியம், மண்ணெண்ணெய், பாரபின் முதலியவற்றையும் உண்ணும் உயிர்கள் மண்ணிலும் நீரிலும் உள்ளன என்று நிறுவினார். அக்காலத்து மோட்டார் வண்டிகள் சிலவே; கடலிற் கொட்டும் எண்ணெயைப் பற்றிக் கவலை கொண்டோர் அதனினும் சிலர். டெல்ப்ட் மரபில் வந்த டென் டூரன் டெ யோங் என்பார் 1926-இல் ஏறத்தாழ 200 கரிமப் பொருள்களை ஒவ்வொன்றாக நுண்ணுயிர்கட்கு உணவாக வைத்துப் பார்த்தார். சூடோமோனாஸ் இனத்து உயிர் ஒன்று அவற்றுள் எண்பதளவினைத் தின்று வாழ்ந்தது. மாசு தின்னும் உயிர்களைத் தேடும் இன்றைய முயற்சிகள் எல்லாம் இவர்கள் வெட்டிய கால்வாயில் ஓடும் நீரே.

எழுபது வயது நிரம்பியதும் ஓய்வு பெறவேண்டும் என்னும் விதிப்படி 1921-இல் பெயரிங்க் டெல்ப்டை விட்டு நீங்கினார். அவரிடத்தைக் குளுய்வர் என்னும் இளைஞர் ஏற்றார். கெல்தர்லாந்து மாகாணத்து கோர்செல் என்னும் சிற்றூரில் தமக்கையரோடு குடியேறித் தோட்டத்துச் செடிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்; இளமையில் தொடங்கிய தாவர நூலிலேயே முதுமையும் கழிந்தது. 1926-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1931-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலமானார்.

இனி, அவர் வழி இன்று எங்ஙனம் நடைபெறுகிறது என்பதைக் கூறுவோம். ஏரியின் அடிவண்டலைத் தூய கருவியால் எடுத்து, ஆராய விரும்பும் மாசு, பீனாலோ பூச்சிமருந்தோ எதுவாயினும், அதனையே ஒரே கரிமவுணவாக வைத்த உப்புநீரில் இடுவர். பத்தில் ஒரு பங்கெடுத்துப் புதுநீருக்கு மாற்றுவர். இதுவரை பெயரிங்கே. பிரித்தெடுத்த உயிர் உண்மையில் அம்மாசைக் குறைக்கின்றதா என்பதைக் கொன்ற உயிர்களைக் கொண்ட புட்டியோடு ஒப்பிட்டு அளப்பர். புட்டிச் சுவரிலோ உயிரின் உடல்மேலோ மாசு ஒட்டிக்கொள்வதும் உண்டாதலின், குறைந்தது எல்லாம் தின்னப்பட்டதாகிவிடாது.

அதன் பின்பே, அது புதிய சிற்றினமா என்னும் வினா எழுகின்றது. பெயரிங்கின் நாளில் உருவமும் உணவும் நிறமும் கொண்டே இதனை முடிவு செய்தனர். இன்று ஏறத்தாழ 1500 எழுத்துக்கள் கொண்ட ரைபோசோம் மரபணு ஒன்றைப் படித்து, அறிந்த உயிர்களின் மரபணுக்களோடு ஒப்பிடுகின்றனர். ஒப்புமை நூற்றுக்கு 98.7-க்குக் கீழ்ப்படின் புதியதாதல் கூடும். மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிடுகையில் 95 அல்லது 96-க்குக் கீழாயின் ஐயம் பெரிதும் நீங்கும். அப்போதும் பெயர் நிலைபெறாது. உயிரின் இயல்புகளை முறைப்படி எழுதி வெளியிடல் வேண்டும். உயிருள்ள வளர்ப்பினை இரு வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேமிப்பகங்களில் வைத்தல் வேண்டும். இவ்விதி 2001-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் சண்டிகர் நகரத்துச் சேமிப்பகம் இத்தகையவற்றுள் ஒன்று. ஐயமுற்ற எவரும் நாளை அவ்வுயிரை வரவழைத்துத் தாமே சோதித்துப் பார்க்கலாம் என்பதே இதன் நோக்கம்.

தமிழ் பயிலும் எமக்கு இப்பெயரீட்டுப் பகுதி தனிச் சுவை பயப்பதாயிற்று. இடுகுறி, காரணம் என்று நம் இலக்கணத்தார் பெயரைப் பகுப்பர். டிசல்பூரிக்கன்ஸ் என்பது சல்பேட்டைக் குறைப்பது என்னும் பொருளுடைய காரணப்பெயர். இடத்தாற் பெற்ற பெயரும் உண்டு. ஜப்பான் நாட்டுச் சக்காய் நகரில், பிளாஸ்டிக்குப் புட்டிகளை மறுபயன் செய்யும் இடத்தருகே எடுத்த மாதிரியினின்று கண்ட, அப்பிளாஸ்டிக்கைத் தின்னும் நுண்ணுயிர் 2016-இல் ஐடியோனெல்லா சக்காயென்சிஸ் எனப் பெயர் பெற்றது. பேரினத்தின் பெயரோ மாறிக்கொண்டும் இருக்கும். பெயரிங்கின் கால்வாய்ச் சேற்று உயிரைக் குளுய்வரும் வான் நீல் என்பாரும் 1936-இல் டிசல்போவிப்ரியோ என்னும் புதுப்பேரினத்திற் சேர்த்தனர். இரண்டாம் சொல் மட்டும் அவர் இட்டபடியே நிற்கின்றது.

நம் நாட்டுச் சான்று ஒன்றும் கூறுவோம். பி.எச்.சி. பொடி என்று உழவர் சொல்லி வந்த பூச்சிமருந்து 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதனினின்று பிரித்தெடுக்கும் லிண்டேன் ஒரு டன் செய்யின், பயனற்ற கழிவு 8 முதல் 12 டன் வரை எஞ்சும். அக்கழிவு ஆங்காங்கே மண்ணிற் கொட்டப்பட்டது. அந்நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர் ஒன்று இந்தியாவிற் கரும்பு வேர்மண்ணிற் கிடைத்தது. ஜப்பானிலும் பிரான்சிலும் அத்தகையன கிடைத்தன. மூன்றும் ஒரே சிற்றினம் என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். தில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர் ரூப் லால் குழுவினர் அவற்றை நுணுகி ஆராய்ந்து, மூன்றும் வெவ்வேறு எனக் கண்டு, 2005-இல் ஸ்பிங்கோபியம் என்னும் பேரினத்தின்கீழ் இண்டிக்கம், ஜப்பானிக்கம், பிரான்சென்ஸ் என மூன்று பெயரிட்டனர். லக்னோவை அடுத்த உம்மாரி என்னும் சிற்றூரில் அக்கழிவு கொட்டிய இடத்து மண்ணினின்று, 2009-இல் வேறொரு சிற்றினம் உம்மாரியென்ஸ் என்று பெயர் பெற்றது. கழிவால் கெட்ட ஓர் ஊர், அக்கழிவைத் தின்னும் உயிரின் பெயரால் உலகத்து நூல்களில் ஏறிற்று. இது அவ்வூருக்குப் பெருமையா சிறுமையா என்பதை எம்மால் துணிய இயலவில்லை.

இவ்வாறெல்லாம் படிக்குங்கால், எல்லா மாசையும் நுண்ணுயிரே தின்று தீர்த்துவிடும் போலும் என்று கருத இடமுண்டு. அஃது அவ்வாறன்று. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இரும்புருக்கும் உலைகள் உண்டு; இரசாயனச் சாலைகள் உண்டு; பழைய மின்கலங்களினின்று ஈயம் மீட்கும் சாலைகளும் உண்டு. பீனாலும் எண்ணெயும் கரிமப் பொருள்கள். அவற்றை உயிர்கள் தின்று கரியமிலவாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடக்கூடும். ஈயமும் துத்தநாகமும் காட்மியமும் தனிமங்கள். எந்த உயிரும் அவற்றை அழிக்க இயலாது. இருக்கும் நிலையை மாற்றலாம், அவ்வளவே.

இங்குத்தான் பெயரிங்கின் கறுத்த புட்டி மீண்டும் நம்முன் வருகின்றது. சல்பேட்டைக் குறைக்கும் உயிர்கள் பிறப்பிக்கும் வாயு, இரும்போடு கூடிக் கறுப்பது போலவே ஈயத்தோடும் துத்தநாகத்தோடும் கூடி நீரிற் கரையாத சல்பைடு ஆகும். கரையாதது அடியிற் படியும். மீனுக்கும் பயிருக்கும் எளிதில் எட்டாது. ஏரியின் கறுத்த அடிச்சேறு, இந்நோக்கில், நஞ்சைப் பூட்டி வைத்த பெட்டகம் போன்றது. நாற்றத்திற்காக யாவரும் வெறுக்கும் ஓர் உயிர் அப்பூட்டினைக் காவல் செய்கின்றது. உலோகம் கலந்த சுரங்க நீரைத் தூய்மை செய்ய இவ்வுயிரையே மேனாட்டில் வேண்டுமென்றே வளர்த்துப் பயன்கொள்கின்றனர்.

ஆயின் அப்பூட்டு நீர் நிற்கும் வரையே நிற்கும். டெல்ப்ட் நகரத்துக் கால்வாய்கள் ஆண்டு முழுதும் நிறைந்தே கிடப்பன. கவரைப்பேட்டைப் பக்கத்து ஏரிகளோ வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் வற்றிப் பிளப்பவை. பிளவின் வழியே காற்று இறங்கும். அப்போது, யாம் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன தையோபாசில்லஸ் போன்ற உயிர்கள் எழுந்து சல்பைடை எரித்துச் சல்பேட்டாக்கும். கரையாதிருந்த உலோகம் கரைவதாகிவிடும். பூட்டும் உயிரும் திறக்கும் உயிரும் இரண்டும் ஒரே பேராசிரியரின் ஆராய்ச்சியில் ஒன்பதாண்டு இடைவெளியில் வெளிப்பட்டவை. ஏரி வற்றிய அந்நாட்களில்தான் நம் உழவர் வண்டலை வண்டியேற்றிக் கழனிக்குக் கொண்டு செல்வர். தழைச்சத்து மிக்க அவ்வண்டலைப் போன்ற எரு வேறில்லை என்று பாட்டனார் காலந்தொட்டுச் செய்துவருவது அது. பாட்டனார் காலத்து ஏரியில் ஈயம் இல்லை. இக்காலத்து வண்டலில் எவ்வளவு ஈயம், அது எந்நிலையில் உளது, அங்கு வாழும் உயிர்கள் யாவை என்பனவற்றை ஏரிக்கு ஏரி, நீர் நிறைந்த மார்கழியில் ஒருமுறையும் வற்றிய வைகாசியில் ஒருமுறையும் அளந்து பார்ப்போர் வேண்டும். அதற்கு வேண்டும் கருவிகளுள் முதலாவது, வாய் வரை நீர் நிரப்பி இறுக அடைத்த ஒரு கண்ணாடிப் புட்டி.